எண்ணூர்ச் சேற்றில் படிந்த எண்ணெய்: அள்ளுவதா, நுண்ணுயிரிகளிடம் ஒப்படைப்பதா, விட்டுவைப்பதா?

எண்ணூர் மக்கள் ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டு பெரிய எண்ணெய்க் கசிவுகளைப் பார்த்துவிட்டார்கள். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய கப்பல் எரிபொருள், கரையோரக் கற்களில் அப்பிக்கொண்டு, மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளும்படி ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கிய எண்ணெய், கடலைச் சேரும் முன்பே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் பரவி, அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. இரண்டு தடவையும் கறுப்புப் படலம் கண்ணில் படும்வரை அள்ளும் வேலை நடந்தது. அதன்பின் எழுந்த கேள்விதான் கடினமானது: சேற்றுக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை என்ன செய்வது?

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களைத் தூவிவிடலாம் என்ற யோசனை முன்வைக்கப்படுகிறது. சேற்றைத் தோண்டி லாரியில் ஏற்றுவதைவிட அது மென்மையாகத் தெரிகிறது. செலவும் குறைவு என்று சொல்லப்படுகிறது. இயற்கையோடு இசைந்தது என்ற நற்பெயரும் அதற்கு இருக்கிறது. சீரமைப்புத் திட்டம் ஒன்று தங்கள் முன் வைக்கப்படும்போது மீனவ கிராமச் சபைகளும், வல்லுநர் குழுக்களும், பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதிடுபவர்களும் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு உதவும் வகையில், கையில் இருக்கும் வழிகளை இடம் பிரித்து இக்கட்டுரை ஒப்பிடுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரிகள் உண்மையாகவே எண்ணெயைச் சிதைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய சூழலை நாம் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் மட்டுமே அவற்றை ஒரு தொழில்நுட்பமாக நம்பலாம். அலை ஏறி இறங்கும் அலையாத்திச் சேறு அத்தகைய இடம் அன்று.

நுண்ணுயிரிகளுக்கு என்ன குறை என்று பார்ப்பது

கடலில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களுக்குப் பஞ்சமில்லை. வட கடலில் போர்க்கும் தீவருகே முதலில் கண்டறியப்பட்ட அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற இனம், எண்ணெயைத் தவிர வேறு உணவை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. அதன் உறவினங்கள் உலகக் கடல்கள் எங்கும் இருக்கின்றன. எண்ணெய் இல்லாத காலத்தில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் கிடக்கும் இவை, எண்ணெய் வந்த சில நாள்களுக்குள் பெருகிவிடுகின்றன. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளை மேடை வெடித்து, ஏறத்தாழ 49 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் வெளியேறியபோது, ஆழ்கடலில் பரவிய எண்ணெய்ப் படலத்தைச் சிதைக்கத் தொடங்கியவை யாரும் கொண்டுபோய்க் கொட்டாத, அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள்தான். அக்கடலடியில் எண்ணெய் இயல்பாகவே கசிந்துகொண்டிருப்பதால் அதைத் தின்னும் கூட்டம் முன்பே தயாராக இருந்தது. எண்ணூர்க் கழிமுகமும், விரும்பத்தகாத காரணங்களால், பல பத்தாண்டுகளாகச் சிறு சிறு எண்ணெய்க் கசிவுகளுக்குப் பழகிய நீர்நிலைதான். எண்ணெய் தின்னும் இனங்கள் அங்கே இல்லாமல் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆகவே எந்த பாக்டீரியாவைச் சேர்க்கலாம் என்பதைக் கேட்கும் முன், அங்கே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு எது குறைவாக இருக்கிறது என்பதைக் கேட்க வேண்டும். அவற்றுக்குக் கார்பனை எண்ணெய் தந்துவிடுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும்; தோராயமாக 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கை இத்துறையினர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற மூன்று கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகும். நம் கடலோர வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 6 மில்லிகிராம்தான். அப்படியானால் ஒரு கிராம் எண்ணெய்க்கு 500 லிட்டர் கடல்நீரின் ஆக்சிஜன் முழுவதும் போய்விடும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நான்கு லட்சம் லிட்டருக்கு மேல். திறந்த கடலில் இது பொருட்டன்று. சாக்கடை நீரும் அனல்மின் நிலையத்தின் சுடுநீரும் ஏற்கெனவே ஆக்சிஜனைக் குறைத்துவிட்ட ஒரு கழிமுகத்தில், வெளியேறப் பாதை குறுகிய தண்ணீரில், இந்தக் கணக்கு மீன்களின் உயிரைத் தொடுகிறது. பாக்டீரியாக்கள் வேகமாக வேலை செய்வதே அங்கு ஒரு ஆபத்தாக மாறலாம்.

எண்ணெயின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை என்பதும் கவனத்துக்குரியது. கார்பன் அணுக்கள் நேரான சங்கிலியாகக் கோத்த அல்கேன்கள் முதலில் போகும். கிளைத்த சங்கிலிகளும் சிறிய வளையங்களும் அடுத்துப் போகும். நான்கு, ஐந்து வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள், அதாவது புற்றுநோய் அச்சம் காரணமாக நாம் மிகவும் கவலைப்பட வேண்டியவை, மிக மெதுவாகவே குறையும். எண்ணெயின் மிகக் கனத்த, தார் போன்ற பகுதிகளான ரெசின்களும் அஸ்பால்ட்டீன்களும் ஏறக்குறைய அப்படியே தங்கிவிடும். 2017இல் கொட்டிய கனத்த கப்பல் எரிபொருளில் இந்தக் கடைசி வகைகளின் பங்கு அதிகம். மொத்த எண்ணெய் பாதியாகக் குறைந்தது என்று அறிக்கை சொன்னால், எந்தப் பாதி குறைந்தது என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

அள்ளிய கசடு: இங்கே நுண்ணுயிரிகளுக்கு இடம் உண்டு

கரையிலிருந்து அள்ளி எடுத்த கசட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற பாதுகாக்கப்பட்ட குப்பைக் குழியில் புதைப்பது, சிமென்ட் சூளையில் எரிபொருளோடு சேர்த்து எரிப்பது, நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைப்பது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி எண்ணெய்க் கசடு அபாயகரக் கழிவு என்பதால், இவற்றில் எதைத் தேர்ந்தாலும் கணக்கும் அனுமதியும் வேண்டும்.

புதைப்பது விரைவாக முடியும். ஆனால் அங்கே எதுவும் மறைவதில்லை, கவலை அடுத்த தலைமுறையின் பொறுப்பில் சேர்கிறது. சூளையில் எரிப்பது எண்ணெயின் கனத்த பகுதிகளையும் அழித்துவிடும். மணலும் உப்புநீரும் கலந்த கசடு சூளைக்கு ஏற்றதன்று என்பதும், குளோரின் மிகுந்த பொருளை எரிக்கும்போது வெளியேறும் வாயுவைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதன் குறைகள். நுண்ணுயிரி வழிக்கு மாதக்கணக்கில் நேரமும் விரிந்த இடமும் வேண்டும். 2017இல் காமராஜர் துறைமுக வளாகத்துக்குள் சுமார் 2,000 சதுர மீட்டர் இடம் ஒதுக்கப்பட்டு, இந்தியன் ஆயில் நிறுவனம் சிறப்பாக வளர்த்த பாக்டீரியாக்களைக் கொண்டு கசட்டைப் பதப்படுத்த ஏற்பாடு செய்யப்பட்டது. டெரி என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் என்ற பாக்டீரியாக் கலவையும், அரைத்த மக்காச்சோளக் கதிர்த் தக்கையில் ஏற்றப்பட்ட தூளாக, இந்திய எண்ணெய் நிறுவனங்களின் கசட்டுக் குழிகளில் பயன்பட்டு வருகிறது.

இங்கே அந்த முறை பலிப்பதற்குக் காரணம் எளிது. அடியில் நீர் கசியாத விரிப்பு இருக்கிறது. மண்ணை உழுது புரட்டினால் காற்று போகிறது. ஈரம் குறைந்தால் தண்ணீர் தெளிக்கலாம், உரம் குறைந்தால் சேர்க்கலாம். வடிநீரைத் தொட்டியில் பிடிக்கலாம். பலன் கிடைக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சூளைக்கு அனுப்பலாம். அள்ளிய கசட்டில் மணல் மிகுந்த பகுதிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெய் கெட்டியாக உருண்டு நிற்கும் பகுதியைச் சூளைக்கு அனுப்புவது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. புதிய எண்ணெயைத் திறந்த குழியில் உழுதால் பென்சீன் போன்ற இலகுவான பொருள்கள் சிதைவதற்கு முன்பே ஆவியாகிப் பக்கத்துக் குடியிருப்பின் காற்றில் கலக்கும். கசடு குறைந்ததாகத் தாளில் பதிவாகும்; குறைந்தது பாக்டீரியாவால் அன்று, காற்றால். குழியின் இடத்தைத் தேர்வதில் கிராமத்தார் குரலுக்கு இடம் இருக்க வேண்டியது இதனால்தான்.

அலையாத்திச் சேறு: முடிவு கடினமாகும் இடம்

வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் இந்த வேர்களின் நுண்துளைகள் வழியாகவே அடிவேர்களுக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. எண்ணெய் அந்தத் துளைகளை மூடிவிடுகிறது. வேரைச் சுற்றியுள்ள சேற்றைக் கையால் கீறிப் பார்த்தால், மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு நிறமாகவும் அதற்குக் கீழே கறுப்பாகவும் அழுகிய முட்டை நாற்றத்தோடும் இருக்கும். அந்த நாற்றம் சல்பைடுகளின் அடையாளம். ஆக்சிஜன் அங்கே இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆக்சிஜன் இல்லாத அந்தக் கறுப்பு அடுக்கிலும் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு என்றாலும், அவற்றின் வேலை ஆண்டுக்கணக்கில் நடப்பது.

இச்சேற்றில் ஆக்சிஜன் ஆழமாக இறங்குவதற்கு இரண்டே வழிகள்: மரத்தின் வேர்களிலிருந்து கசிவது ஒன்று, நண்டு வளைகள் வழியாக அலைநீர் உள்ளே போய் வருவது மற்றொன்று. எண்ணெயும் அதே வளைகள் வழியாகவே ஆழத்துக்கு இறங்குகிறது என்பது இதன் கொடுமை. இதைக் கருத்தில் கொண்டே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

முதல் வழி, சேற்றை இயந்திரத்தால் தோண்டி அகற்றுவது. கண்ணுக்கு மிகவும் நிறைவளிப்பது இதுவே. எடுத்த டன் கணக்கை அறிக்கையில் எழுதலாம். 1978 மார்ச் மாதத்தில் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் அமோகோ கடிஸ் என்ற கப்பல் தரைதட்டி இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கொட்டியபோது, இல் கிராந்த் என்ற இடத்தின் உப்புச் சதுப்பில் கனரக இயந்திரங்களை இறக்கி எண்ணெயோடு சேர்த்து மேல் மண்ணையும் வழித்தெடுத்தார்கள். பின்னர் வந்த ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தோண்டாமல் விட்ட சதுப்பு முந்தி மீண்டது. தோண்டிய சதுப்போ, மண்மட்டம் தாழ்ந்து, நீரோடைகள் அகன்று, செடிகள் திரும்பி வர நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அலையாத்திகளுக்கு இந்தப் பாடம் இன்னும் வலுவாகப் பொருந்தும். ஏனெனில் சேற்றின் மட்டம் சில அங்குலம் தாழ்ந்தாலே நாற்றுகள் அலையில் மூழ்கும் நேரம் மாறிவிடும். அதோடு, எண்ணூர்ச் சேற்றில் எண்ணெய் மட்டும் இல்லை.

அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களின் கசிவால் கொசஸ்தலையாற்றின் இப்பகுதியில் ஆண்டுக்கணக்காகச் சாம்பல் படிந்திருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுகளின் உலோகங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் இந்த உலோகங்களில் பல, சல்பைடுகளோடு பிணைந்து கரையாமல் கிடக்கின்றன. எண்ணெயைச் சிதைக்கவென்று அந்தச் சேற்றைக் கிளறிக் காற்றேற்றினால், சல்பைடு ஆக்சிஜனேற்றமடைந்து உலோகங்கள் தண்ணீரில் விடுபடும். எண்ணெய்க்கு மருந்தாக இருப்பதே உலோகத்துக்குத் திறவுகோலாகிவிடும். ஒரே ஒரு மாசுப் பொருளை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய திட்டம் எண்ணூருக்குப் பொருந்தாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உழுவதும் காற்றேற்றுவதும் துறைமுகக் குழியில் நல்ல யோசனை; கழிமுகச் சேற்றில் அவற்றை அனுமதிக்கக் கூடாது.

இரண்டாவது வழி, உரம் இடுவது. இதற்கு உலகில் மிகப் பெரிய சான்று அலாஸ்காவில் இருக்கிறது. 1989 மார்ச் 24இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் கொட்டியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எக்ஸான் எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து, எண்ணெயில் ஒட்டும் உரத்தையும் மெல்லக் கரையும் குருணை உரத்தையும் பெருமளவில் கரைகளில் இட்டன. சிதைவின் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்குவரை கூடியது என்று பதிவாயிற்று. இது உண்மையான வெற்றி. ஆனால் அக்கரைகள் கூழாங்கற்கரைகள். கற்களின் இடுக்குகள் வழியாக அலைநீர் தாராளமாகப் போய் வந்தது. அந்தக் குளிர்ந்த தெளிந்த நீரில் நைட்ரஜன்தான் குறைவாக இருந்தது. அதே அலாஸ்காவில், கல்லடுக்குக்குக் கீழே நீரோட்டம் மெதுவாக இருந்த இடங்களில் ஆக்சிஜன் போதாமல் எண்ணெய் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் தங்கியிருந்தது. அப்போது இட்ட உரங்களில் ஒன்றில் இருந்த 2-பியூட்டாக்ஸி எத்தனால் தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடானது என்பதால் அதைக் கையாள்வதில் தனி முன்னெச்சரிக்கை தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

எண்ணூர் இதற்கு நேர்மாறான இடம். பக்கிங்காம் கால்வாய் சென்னையின் சாக்கடையைச் சுமந்து வருவதால் நைட்ரஜனும் பாஸ்பரசும் அங்கே போதிய அளவுக்கு மேலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்; குறைவாக இருப்பது ஆக்சிஜன். நைட்ரஜன் மிகுந்த நீரில் மேலும் உரம் இட்டால் பாசி பெருகும். பாசி மடிந்து அழுகும்போது இருக்கும் ஆக்சிஜனும் போகும். ஆகவே சேற்றுத் துகள்களுக்கு இடையே தங்கும் நீரைச் சோதித்து, நைட்ரஜன் உண்மையிலேயே குறைவு என்று காட்டினாலொழிய, உரம் இடும் யோசனையை ஏற்க நியாயமில்லை. இந்தச் சோதனை விலை உயர்ந்ததும் அன்று. சில நாள்களில் முடிந்துவிடும். அது இல்லாமல் வரும் திட்டத்தைத் திருப்பி அனுப்பலாம்.

மூன்றாவது வழி, பையில் வரும் பாக்டீரியாவைத் தூவுவது. விற்பனையில் இருந்த நுண்ணுயிரிக் கலவைகளைத் தேர்ந்தெடுத்து 1990இல் அலாஸ்காவில் களத்தில் சோதித்தார்கள். உரம் மட்டும் இட்ட இடங்களைவிட அவை கூடுதலாக எதையும் சாதித்ததாகக் காட்ட முடியவில்லை. ஆய்வகக் குடுவையில் தனியாக வளர்ந்த இனம், கடற்கரையில் பல ஆயிரம் உள்ளூர் இனங்களோடு போட்டியிட வேண்டும். அவற்றைத் தின்னும் ஒற்றைச்செல் உயிரிகளிடமிருந்து தப்ப வேண்டும். இரண்டு வேளையும் அலை அடித்துப் போகாமல் ஒட்டியிருக்க வேண்டும். தூவியவை பெரும்பாலும் சில வாரங்களில் காணாமல் போகின்றன.

மரபணு மாற்றிய பாக்டீரியா என்றால் மாறிவிடுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆனந்த சக்கரவர்த்தி என்ற இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் பிளாஸ்மிடு எனப்படும் சிறு மரபணு வளையங்கள் பலவற்றை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்து, எண்ணெயின் பல பகுதிகளைச் சிதைக்கும் உயிரியை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த புகழ்பெற்ற வழக்கு அதைப் பற்றியதே. அந்த பாக்டீரியா ஒரு கசிவைத் துப்புரவாக்கக் கடலில் விடப்படவே இல்லை. துப்புரவு ஆய்வுக்காக மரபணு மாற்றிய பாக்டீரியா அமெரிக்காவில் முதன்முதலாகக் களத்தில் விடப்பட்டது 1996இல், ஓக் ரிட்ஜில், அதுவும் மண் நிரப்பிய மூடிய தொட்டிகளில்தான். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி இல்லாமல் இதைத் தொடவே முடியாது. முடியாமல் இருப்பது சரியென்றே கருதுகிறேன். வெளியே விட்ட உயிரைத் திரும்ப அழைக்க முடியாது என்பதை எண்ணூருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி இனம் ஒன்று எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடித்தளம் முழுவதும் கம்பளம்போல் படர்ந்து, இறாலுக்கும் உள்ளூர் மட்டிக்கும் இடமில்லாமல் செய்திருப்பதை அவர்கள் நாள்தோறும் காலால் உணர்கிறார்கள்.

வெளியிலிருந்து பாக்டீரியாவைச் சேர்ப்பதே எப்போதும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தடி நீரில் டிரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கலந்த இடங்களில், அதை முழுவதும் குளோரின் நீக்கிச் சிதைக்கக்கூடிய டிஹாலோகாக்காய்டிஸ் இனம் இயல்பாக இல்லாவிட்டால், வினை பாதியில் நின்று வினைல் குளோரைடு தேங்கிவிடும். அது மூலப்பொருளைவிட மோசமான புற்றுநோய்க் காரணி. அங்கே அந்த இனத்தைச் செலுத்துவது நிரூபிக்கப்பட்ட முறை. வேறுபாடு இதுதான்: அங்கே ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் உயிர் உண்மையிலேயே இல்லை, எண்ணூரில் அது இருக்கிறது, அதற்கு மூச்சுக்காற்றுதான் இல்லை.

நான்காவது வழி, கையால் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கண்காணிப்போடு விட்டுவைப்பது. சாதாரண வெப்பநிலையில் குறைந்த அழுத்தத்தில் கடல்நீரைப் பீய்ச்சி மேற்படலத்தை நீர்முனைக்கு இறக்கி, மிதவைத் தடுப்புக்குள் உறிஞ்சு துணியால் எடுப்பது இதில் அடங்கும். மரங்களுக்கிடையே நேராக நடக்கக் கூடாது. பலகை போட்டே நடக்க வேண்டும். மனிதக் கால் மிதித்தால் நண்டு வளைகள் இடிந்து, மேலே இருக்கும் எண்ணெய் காற்றில்லாத ஆழத்துக்குத் தள்ளப்படும். வாளிகளோடு ஆர்வமாக வரும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களை மணற்கரைக்கும் கற்கரைக்கும் அனுப்ப வேண்டும், அலையாத்திக்குள் அனுப்பக் கூடாது. அலாஸ்காவில் கொதிநீரை உயரழுத்தத்தில் பீய்ச்சிக் கற்களைக் கழுவியபோது எண்ணெயோடு சிப்பிகளும் பாசிகளும் செத்தன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்த வழியின் குறையை மறைக்கக் கூடாது. 1986 ஏப்ரலில் பனாமாவின் பாஹியா லாஸ் மினாஸ் என்ற விரிகுடாவில், சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி ஒன்று உடைந்து கச்சா எண்ணெய் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்தது. எண்ணூரோடு ஒப்பிட இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை: வெப்ப மண்டலம், ஆலையின் அண்டை, கண்டல் சேறு. ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்காணித்ததில், ஐந்து ஆண்டுகள் கழித்தும் சேற்றிலிருந்து எண்ணெய் ஊறி வெளிவந்துகொண்டிருந்தது தெரிந்தது. நம் கடலோர வெப்பம் அலாஸ்காவைவிடச் சிதைவை விரைவுபடுத்தும் என்பது மேற்பரப்புக்குச் சரி. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வெப்பத்தால் பெரிய பலன் இல்லை. விட்டுவைப்பது என்றால் ஐந்து, பத்து ஆண்டுகள் என்று ஒப்புக்கொண்டு விட்டுவைப்பதே ஆகும்.

உலோகங்களுக்குச் செடிகள்

எண்ணெயோடு சேர்ந்து கிடக்கும் உலோகங்களைச் செடிகள் உறிஞ்சிவிடும் என்ற யோசனையையும் இங்கேயே முடித்துவிடலாம். எண்ணெயைச் சிதைக்கலாம், உலோகம் ஒரு தனிமம், அதைச் சிதைக்க முடியாது. 2001இல் ஆர்சனிக்கைத் தேக்கும் திறன் வெளியான பெரணி இனம்கூட, ஆர்சனிக்கை மண்ணிலிருந்து தன் இலைக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவே. அறுத்த இலை பின்னர் அபாயகரக் கழிவாகிறது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிந்திருக்கிறது; அங்கே ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியத்தை பாக்டீரியாக்கள் மூன்று இணைதிறனுக்கு மாற்றி, கரையாமல் நிறுத்தக்கூடும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அது மறுபடி நச்சு வடிவுக்குத் திரும்பலாம். கழிமுகத்தில் இத்தகைய செடி நடுதலுக்குப் பயன் இல்லை. அங்கே அலையாத்தி நாற்று நடுவது நல்ல வேலைதான். அதைத் துப்புரவு என்று கணக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பலனை எப்படி அளப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடிந்தது என்று யார், எதை வைத்துச் சொல்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். எண்ணெய் ஆவியாகிறது, அலையில் அடித்துப் போகிறது, வேறு மணலால் மூடப்படுகிறது. இவை எல்லாவற்றையும் பாக்டீரியாவின் சாதனையாகக் காட்டுவது மிக எளிது. அலாஸ்கா அனுபவத்திலிருந்து கிடைத்த நல்ல கருவி ஹோபேன் என்ற மூலக்கூறு. கச்சா எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் அது பாக்டீரியாக்களால் எளிதில் தாக்கப்படுவதில்லை. அலையடித்துப் போனால் எண்ணெயோடு ஹோபேனும் போகும். சிதைந்தால் மற்றவை குறைந்து ஹோபேன் மிஞ்சும். ஆகவே ஹோபேனுக்கு எதிரான விகிதத்தில் அளந்தால்தான் உண்மையான சிதைவு தெரியும். அதோடு எதுவும் செய்யாமல் விட்ட ஒப்பீட்டுப் பாத்தி ஒன்று அருகிலேயே வேண்டும். பாத்தி இல்லாமல் வரும் வெற்றிக் கதையை நம்பக் கூடாது. ஏனெனில் விட்டுவைத்த இடமும் அதே வேகத்தில் குறைந்திருந்தால், கொடுத்த பணம் வெறும் காத்திருப்புக்குக் கொடுத்த பணமே. வேதி அளவு மட்டும் போதாது. பாதி சிதைந்த எண்ணெயின் ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் வழக்கமான சோதனையில் தென்படாமலே நச்சாக இருக்கலாம் என்பதால், அந்தச் சேற்றில் உயிர்கள் பிழைக்கின்றனவா என்ற சோதனையும் சேர வேண்டும்.

காத்திருப்பின் விலையை யார் கொடுப்பது

என் தேர்வு இப்போது தெளிவாகியிருக்கும். அள்ளிய மணற்கசட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட குழியில் நுண்ணுயிரிச் சிதைவு. கெட்டிக் கசட்டுக்குச் சூளை. அலையாத்திக்குள் பலகை மீது நின்று செய்யும் கைவேலை, அதன்பின் கண்காணிப்போடு விட்டுவைத்தல். உரமும் பாக்டீரியாத் தூளும் சோதனையில் தேவை நிரூபணமானால் மட்டும், அதுவும் சிறு பாத்திகளில்.

ஆனால் விட்டுவைத்தல் செலவில்லாத வழி என்று அரசுக் கோப்பில் எழுதப்படுமானால், அந்த முடிவை எதிர்க்க வேண்டும். அது செலவை இடம் மாற்றுகிறது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களின் சிறுவலை மீனவர்களும் அந்தச் செலவைத் தோலிலும் வருமானத்திலும் கொடுப்பார்கள். மீன்கள் எண்ணெயின் அரோமாட்டிக் சேர்மங்களை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டியும் சிப்பியும் அதைச் செய்ய மாட்டா, உடலில் தேக்கிவைக்கும். எனவே மீனைச் சோதித்துப் பாதுகாப்பானது என்று சொன்ன சான்றிதழ் மட்டிக்குச் செல்லாது. ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகச் சோதித்து, எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று ஊரில் தமிழில் அறிவிக்க வேண்டும். தடை நீடிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பீடு வேண்டும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. பாதிக்கப்பட்டோர் இழப்பும், இயற்கையை மீட்கும் செலவும் அதில் அடங்கும் என்றும் கூறியது. இயற்கை தானே மீளும் காலத்துக்கான வாழ்வாதாரச் செலவும் மீட்புச் செலவே என்று வாதிட அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. புதிய எண்ணெய் வந்துகொண்டே இருக்கும் நீர்நிலையில் மேற்கண்ட எந்த வழியும் பலிக்காது. பாக்டீரியாக்கள் முந்தைய ஆண்டின் படிவைத் தின்று முடிக்கும் முன் அடுத்த வெள்ளம் மேலே இன்னொரு படிவைப் போர்த்திவிடும். எனவே திட்டத்தின் முதல் செலவு சேற்றில் தொடங்கக் கூடாது. ஆலை வளாகங்களின் மழைநீர் வடிகால்கள் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக மட்டுமே பக்கிங்காம் கால்வாயைச் சேருகின்றனவா, பெருமழையில் அத்தொட்டிகள் வழிகின்றனவா என்று வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் மீனவப் பிரதிநிதிகள் முன்னிலையில் பார்க்க வேண்டும். மழைக்கு முன்பும் பின்பும் அதே இடங்களில், மேல் இரண்டு சென்டிமீட்டரிலும் அதன் கீழ் இருபது சென்டிமீட்டரிலும் தனித்தனியாகச் சேற்று மாதிரி எடுக்க வேண்டும். மேல் அடுக்கில் மட்டும் எண்ணெய் கூடியிருந்தால் புதிதாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போது சேற்றைத் தொடாமல் கால்வாயின் மேல்முனைக்குப் போக வேண்டும்.